சேலத்திலிருந்து ஜெய்சல்மேர்: சாம் மணல்மேடு தவிர என்ன பார்க்கலாம்?

ஜெய்சல்மேர் போகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டை, சாம் மணல்மேடு, ஒட்டகச் சவாரி என்று முடித்துக்கொள்கிறார்கள். ஊரைச் சுற்றியுள்ள பழைய இடங்களுக்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். இடங்களைச் சாலைவாரியாகப் பிரித்துக்கொள்வது முக்கியம். இல்லாவிட்டால் ஊருக்குள் வந்து வந்து திரும்புவதிலேயே பொழுது போய்விடும்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வழி, பெங்களூரு போய் ஜோத்பூர் எக்ஸ்பிரஸ் பிடிப்பது. அது தினசரி வண்டி அல்ல. அந்த டிக்கெட்டை எடுத்த பிறகே அறை போடுங்கள். முன்பதிவு 60 நாள் முன்னதாகத் திறக்கும். ஜோத்பூரிலிருந்து ரயிலில் இன்னும் 5, 6 மணி நேரம். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் சரியான காலம். டிசம்பர் இரவில் ஏற்காட்டுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் மட்டும் போதாது, குல்லாவும் சால்வையும் வேண்டும்.

முதல் நாள் சாம் சாலைப் பக்கம். வாடகைக் காரைப் பேசும்போதே "முதலில் காபா கோட்டை, திரும்பும்போது குல்தாரா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டிரைவர் குல்தாராவில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு நேராக மணல்மேட்டுக்கு ஓட்டுவார். காபாவில் காலையில் மயில்கள் கூட்டமாக இரை பொறுக்கும். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும்.

குல்தாரா, பாலிவால் பிராமணர்கள் 19ஆம் நூற்றாண்டில் கைவிட்ட ஊர். ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங்கின் கொடுமை, ஒரே இரவில் ஊரே கிளம்பியது, பேய் என்று கைடுகள் கதை சொல்வார்கள். தண்ணீர் வற்றியது, வரிச்சுமை என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. கதையைக் கேட்டுக்கொண்டே தெருக்களின் நேர்த்தியைப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, பாலிவால்கள் விவசாயத்துக்குக் கையாண்ட 'காதின்' முறை. பாறைச் சரிவில் வழியும் மழைநீரைத் தாழ்வான பக்கத்தில் நீளமான மண்கரை போட்டு மறிப்பார்கள். நீர் நிலத்தில் ஊறியதும் அந்த ஈரத்திலேயே கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பார்கள். ஏரி உள்வாயில் பயிர் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். சேலத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பெய்யும் மண்ணில் இதைச் செய்திருக்கிறார்கள். காரை நிறுத்தி, கரைமேல் ஏறிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலையில் பார்மேர் சாலையில் 17 கி.மீ. போனால் ஆகல். சுமார் 18 கோடி ஆண்டு பழைய கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்) திறந்தவெளியில் கிடக்கின்றன. விழுப்புரம் அருகே திருவக்கரையில் உள்ளவை சுமார் 2 கோடி ஆண்டுதான். நிழல் குறைவு, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். அடிக்கட்டைகளைச் சுற்றி இரும்புக் கூண்டு இருப்பதால் படம் எடுப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மதியம் எதிர்த்திசையில் லோத்ருவா, அமர்சாகர். ஜெய்சல்மேருக்கு முன் 'பாட்டி' (Bhati) என்ற ராஜபுத்திரக் குல அரசர்களின் தலைநகராக இருந்தது லோத்ருவாதான். இரண்டிலும் சமணக் கோயில்கள் உண்டு. தோல் பெல்ட், பர்ஸை வண்டியிலேயே வையுங்கள். மாலையில் படா பாக். அரசர்களின் நினைவு மண்டபங்களில் மஞ்சள் கல் பொன்னிறமாவது சூரியன் சாயும்போதுதான். பின்னணியில் காற்றாலைகள் நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வறண்ட காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் எடுத்து, அரை மணிக்கு ஒருமுறை குடியுங்கள். போனின் சார்ஜர் துளையில் மணல் புகும், ஜிப் கவரில் போட்டு வையுங்கள். வழியில் கடைகள் குறைவு; கிளம்பும்போதே இரண்டு பாக்கெட் தட்டுவடை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் நல்லது.