வேலைக்கும் போய்க்கொண்டு சோதினைக்கும் படிக்க மனம் வாறதுக்கு என்ன செய்யலாம்

பின்னேரம் ஆறு மணிக்கு வீட்ட வந்து, கிணத்தடியில மேல் கழுவி, தேத்தண்ணியும் குடிச்சிட்டு லப்டொப்பைத் திறந்தால் பத்து நிமிசத்தில கண் சொருகும், சரி போனை ஒருக்காப் பாப்பம் எண்டு எடுத்தால் ஒன்பதரை ஆகியிருக்கும், புட்டும் சம்பலும் சாப்பிட்டிட்டு "நாளைக்கு விடிய எழும்பிப் படிப்பம்" எண்டு படுக்கிறது. கணக்கியல் பக்கம் சீமா, ஏசிசிஏ, ஐரிப் பக்கம் சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ், புரொஜெக்ட் மனேஜ்மென்டுக்கு பிஎம்பி எண்டு எந்தத் தொழில் சோதினையைச் செய்யிறவையிட்டக் கேட்டாலும் இந்தக் கதை ஒண்டுதான். எனக்கும் ஒண்டரை வருசம் இப்பிடித்தான் போனது. தம்பி தங்கச்சிமார் என்னட்டக் கேக்கிறதும் "அண்ணை, மனமே வருகுதில்லை, என்ன செய்யிறது" எண்டுதான், அதால நான் செய்து பாத்து சரிவந்ததுகளை இஞ்ச எழுதுறன்.

ஏ எல் படிக்கேக்க எங்களுக்கு மனம் எங்கால வந்தது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. விடிய அஞ்சு மணிக்கு அம்மா எழுப்பித் தேத்தண்ணி தந்தவா, ஆறு மணி ரியூசனுக்கு முன் வாங்கு பிடிக்கோணும் எண்டு சைக்கிளை உழக்கினம், பக்கத்தில இருக்கிறவன் நேற்று எத்தினை பாஸ்ட் பேப்பர் செய்தவன் எண்டு தெரியும், சேர் எழுப்பிக் கேள்வி கேப்பார், இசட் ஸ்கோர், டிஸ்ரிக் ராங்க் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதைக்கும், சோதினைத் திகதியை அரசாங்கமே போட்டிடும். அதில எங்கட சொந்த மனவுறுதி எவ்வளவு இருந்தது? எங்களைச் சுத்தி ஒரு பெரிய பந்தல் போட்டிருந்தது, அதுக்குள்ள இருந்து படிச்சம். இப்ப பந்தலைக் கழட்டியாச்சு, வேலையும் வீட்டுப் பொறுப்பும் வந்திட்டுது, வெறும் வெயிலுக்குள்ள நிண்டுகொண்டு எனக்கு மட்டும் ஏன் மனம் வருகுதில்லை எண்டு எங்களையே பேசிக்கொண்டிருக்கிறம். பந்தலைத் திரும்பப் போடோணும், அவ்வளவுதான். கீழ சொல்லுறதெல்லாம் அதுக்கான கப்பும் கிடுகும்.

முதல் கப்பு, இது உண்மையிலேயே வேணுமோ எண்டு பாக்கிறது. கனடாவில இருக்கிற மாமா சொன்னவர் எண்டோ, கூடப் படிச்சவன் செய்யிறான் எண்டோ துவங்கினால் மூண்டாம் கிழமை அலுத்துப்போம். நீங்கள் போக ஆசைப்படுற வேலைக்கு வந்த பத்து விளம்பரத்தை எடுத்து வைச்சு, அந்தச் சேட்டிபிக்கட் எத்தினையில கேட்டிருக்கு எண்டு எண்ணுங்கோ. ஒண்டு ரெண்டிலதான் இருக்கு எண்டால் விட்டிடுங்கோ, வெக்கப்பட ஒண்டுமில்லை, அந்த நேரத்தில வேற ஏதும் பழகலாம். ஏழு எட்டில இருக்கு எண்டால் அந்த விளம்பரம் ஒண்டைச் சம்பளத்தோட பிரிண்ட் எடுத்து மேசையில ஒட்டுங்கோ. எத்தினை நாள் அந்தப் பேப்பர் என்னை இருத்தினது எண்டு எனக்குத் தெரியும்.

பிறகு பாதையின்ர நீளத்தைப் பாருங்கோ. ஏசிசிஏ எண்டால் 13 பேப்பர், அதில கூடுதலானதுக்கு மார்ச், யூன், செப்ரம்பர், டிசம்பர் எண்டு வருசத்தில நாலு தரம்தான் சோதினை, வேலையும் செய்துகொண்டு முடிக்க வருசக்கணக்கில போம். "நான் சாட்டட் அக்கவுண்டன்ட் ஆகோணும்" எண்டதை ஒவ்வொரு நாளும் நினைச்சால் மலையைப் பாத்த மாதிரிக் கால் சோரும். அடுத்த பேப்பர் ஒண்டுதான் உங்கட சோதினை, மற்றப் பன்னிரண்டையும் பெட்டிக்குள்ள பூட்டி வையுங்கோ. ஐரிப் பக்கம் ஒரு சோதினையோட முடியும், ஆனால் சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ் ரெண்டும் மூண்டு வருசத்துக்குத்தான் செல்லும், ஆனபடியால் அதை வைச்சு வேலை தேடப்போற காலத்துக்குக் கிட்டவா எடுக்கிறதுதான் புத்தி.

இனித் திகதி. எல்லாத்திலயும் பலமான கப்பு இதுதான், இதைத்தான் எல்லாரும் கடைசியாச் செய்யினம். "வடிவாப் படிச்சிட்டுப் புக் பண்ணுவம்" எண்டு சொல்லுறவை படிச்சு முடிக்கிறேல்ல, நானும் முடிக்கேல்ல. மூண்டில ஒரு பங்கு படிச்ச உடன திகதியைப் போடுங்கோ. ஏடபிள்யூஎஸ் சொலூசன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்கு 150 டொலர், ஒரு டொலர் 300 ரூபா எண்டு பிடிச்சாலும் 45,000 ரூபா, அந்தக் காசு கையால போன பிறகு பஞ்சி எப்பிடிப் பறக்குது எண்டு பாருங்கோ. சரியான அந்தரம் எண்டால் 24 மணித்தியாலத்துக்கு முன்னம் திகதியை மாத்தலாம், ஆனால் அதை மனதில வைச்சுக்கொண்டு புக் பண்ணாதேங்கோ.

திகதி எவ்வளவு தள்ளி எண்டதுக்கு உங்கட உண்மையான நேரத்தை எண்ணுங்கோ, ஆசைப்படுற நேரத்தை இல்லை. கிழமை நாளில நாலு நாள் முக்கால் மணித்தியாலம், ஞாயிறு மூண்டு மணித்தியாலம் எண்டால் கிழமைக்கு 6, பத்துக் கிழமைக்கு 60. இனி அதில எங்கட ஊர்க் கலண்டரைக் கழியுங்கோ. நல்லூர்க் கொடியேறினால் 25 நாள், அந்தக் காலத்தில பின்னேரம் எண்டு ஒண்டு இல்லை, வெளிநாட்டில இருந்து சொந்தக்காரரும் வந்து நிப்பினம், அதுக்குள்ள சோதினையை வைச்சிட்டுக் கோயிலுக்கும் போகாமல் படிக்கவும் ஏலாமல் தவிக்கிற ஆக்களைக் கண்டிருக்கிறன். கொடியேத்தத்துக்கு முதல் எழுதுங்கோ, இல்லாட்டித் தேர், தீர்த்தம் முடிஞ்சு ஆறு கிழமை விட்டு எழுதுங்கோ. ஆவணி, தை மாசத்தில கலியாண வீடுகள் வரும், போகாமல் இருக்கச் சொல்லேல்ல, கணக்கில எழுதிக்கொள்ளுங்கோ எண்டுறன். எங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கு, போயா லீவு. மாசத்தில ஒரு நாள், திகதி முன்கூட்டியே தெரியும், அண்டைக்கு நேரம் வைச்சு ஒரு முழு மாதிரிச் சோதினை செய்தால் எங்க நிக்கிறம் எண்டு ஒளிக்கேலாமல் தெரிஞ்சிடும்.

எந்த நேரம் படிக்கிறது எண்டால், எனக்கு விடியப்புறம்தான். நாலரைக்கு எழும்பினால் கோயில் மணி கேக்கும், வெக்கை இல்லை, வட்ஸ்அப்பில ஒருத்தரும் இல்லை, மூளை இன்னும் கந்தோருக்கு வித்துப்போடாமல் எங்களிட்டத்தான் இருக்கு. ஆனால் நாலரைக்கு எழும்புறது முதல்நாள் இரவு பத்துக்குப் படுக்கிறதிலதான் இருக்கு, பதினொண்டரை வரைக்கும் போனோட இருந்திட்டு அலாரத்தை நம்பேலாது. இரவுதான் சரி எண்டிறவை வீட்ட வந்து கட்டில்ல சரியிறதுக்கு முதல் படியுங்கோ. குளிச்சு, உடுப்பு மாத்தி, கதிரையில இருந்து முக்கால் மணித்தியாலம், அதுக்குப் பிறகுதான் சாப்பாடு.

2022இல கரண்ட் போன காலம் ஞாபகம் இருக்குமே, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவங்கள். கரண்ட் வந்தாப்பிறகு படிப்பம் எண்டு நான் இருந்த நாள் ஒண்டிலயும் ஒரு பக்கம் படிக்கேல்ல. முதல்நாளே பத்துக் கேள்வியைக் கொப்பியில எழுதி வைச்ச நாளில மட்டும் முத்தத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து செய்தன். அதில இருந்து இண்டைக்கு வரைக்கும் எனக்கு ஒரு பழக்கம், படிச்சு முடிச்சு எழும்பேக்க நாளைக்கு எதில துவங்குறது எண்டு ஒரு வரி எழுதி, அந்தக் கேள்வியைப் பாதியில விட்டிட்டு எழும்புறது. அடுத்த நாள் களைச்சு வந்து நிக்கேக்க "எங்க துவங்குறது" எண்டு யோசிக்கிறதிலதான் மனம் ஓடித் தப்புது, பாதிக் கேள்வி கிடந்தால் கை தானாப் போம். பத்து நிமிசம் எண்டு சொல்லி இருங்கோ. பத்து நிமிசத்தில உண்மையிலேயே ஏலாது எண்டால் மூடிவைச்சிட்டுப் படுங்கோ, அண்டைக்கு உடம்புக்கு நித்திரைதான் வேணும். எனக்கு அப்பிடி எழும்பின நாள் குறைவு.

என்னத்தைச் செய்யிறது எண்டதும் மனத்தோட சம்பந்தப்பட்டது. வீடியோவைப் போட்டுப் பாத்துக்கொண்டிருக்க விளங்கின மாதிரித்தான் இருக்கும், ரெண்டு நாளில ஒண்டும் இருக்காது, அந்த வெறுமைதான் மனத்தை உடைக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி எண்டு ரெண்டு ஆராய்ச்சியாளர் 2006இல செய்து காட்டினவை, திரும்பத் திரும்ப வாசிச்ச ஆக்கள் அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு வைச்ச சோதினையில கூடச் செய்தவை, ஆனால் ஒரு கிழமை கழிச்சு வைக்க, புத்தகத்தை மூடி ஞாபகத்தில இருந்து எழுதிப் பழகின ஆக்கள் முந்தீட்டினம். பாஸ்ட் பேப்பர் செய்யிற பழக்கம் எங்கட ரத்தத்தில கிடக்கு, வேலைக்குப் போன பிறகு அதை ஏன் விட்டம் எண்டு எனக்கு விளங்கிறேல்ல. ஒரு பகுதி படிச்ச உடனேயே இருபது கேள்வி செய்யுங்கோ, பிழைச்சதை ஒரு கொப்பியில உங்கட சொல்லில எழுதுங்கோ. போன கிழமை 9 சரி, இந்தக் கிழமை 13 சரி எண்டு பாக்கேக்க வாற சந்தோசம்தான் அடுத்த நாள் இருத்தும்.

இங்கிலிசு பயம் கன பேருக்கு இருக்கு, வெளியில சொல்லுறேல்ல. பாடத்தைத் தமிழில ஆருக்கும் சொல்லிப் பாருங்கோ. லோட் பலன்சர் எண்டால் என்ன எண்டு நான் அம்மாவுக்கு அன்னதான மடத்தை வைச்சுச் சொன்னனான், வாசலில ஒருத்தர் நிண்டு எந்தப் பந்தியில இடம் இருக்கெண்டு பாத்து ஆக்களை அனுப்புறார் தானே, அதுதான். அம்மாவுக்கு விளங்கினால் எனக்கு விளங்கீட்டுது. இன்னொண்டு, இங்கிலிசு தாய்மொழி இல்லாத ஆக்களுக்கு ஏடபிள்யூஎஸ் சோதினையில 30 நிமிசம் கூடத் தருவினம், ஆனால் புக் பண்ணுறதுக்கு முதலே அக்கவுண்டில போய்க் கேட்டு எடுக்கோணும், பிறகு கேட்டால் அந்த புக்கிங்குக்கு வராது.

வாங்கில பக்கத்தில இருந்தவனுக்குப் பதிலா இப்ப ஆரும் ஒருத்தர் வேணும். ஐம்பது பேர் உள்ள குறூப் வேண்டாம், அதில பிடிஎப் அனுப்புறதுதான் நடக்கும், ஒருத்தரும் திறந்தும் பாக்கிறேல்ல. ஒருத்தர், கூடினால் ரெண்டு பேர். இரவு ஒன்பதரைக்கு அண்டைக்குப் படிச்ச கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புறது, கதை ஒண்டும் தேவையில்லை. அவர் வேற சோதினை செய்தாலும் பரவாயில்லை, என்ர கூட்டாளி ஏஏரி எண்ட கணக்கியல் சோதினை செய்தவன், அவன்ர பக்கத்தில என்ன கிடந்தது எண்டே எனக்குத் தெரியாது, ஆனால் அவன் அனுப்பீட்டான் எண்டால் எனக்கு இருக்கேலாது.

வீட்டு ஆக்களிட்ட "நான் படிக்கோணும்" எண்டு பொதுவாச் சொல்லாதேங்கோ, "செவ்வாயும் வியாழனும் ஏழில இருந்து ஏழே முக்கால்" எண்டு சொல்லுங்கோ, அதை ஆரும் மதிப்பினம். அந்த நேரத்தில பிள்ளையைப் பாக்கிறது உங்கட மனிசி எண்டால், சனிக்கிழமை காலமை முழுக்க அவவுக்கு எண்டு திருப்பிக் குடுங்கோ. பொம்பிளையளுக்கு நான் சொல்லுற நேரக்கணக்கு காணாது எண்டு எனக்குத் தெரியும். என்ர மச்சாள் வங்கியில வேலை, சீமா செய்யிறா, வீட்டு வாசல் மிதிச்சால் குசினி, பிள்ளையின்ர ஹோம்வேர்க், மாமியின்ர மருந்து எண்டு பத்து மணி. அவ கண்ட வழி, வேலை முடிஞ்ச உடன கந்தோரிலயே நாப்பது நிமிசம் இருந்து படிச்சிட்டு வெளிக்கிடுறது, சனி காலமை பொது நூலகம். அதுக்கு வீட்டில ஒரு பெரிய கதை நடத்தித்தான் எடுத்தவா, அந்தக் கதையை நடத்துங்கோ எண்டுதான் நான் தங்கச்சிமாருக்குச் சொல்லுறது.

பஸ்ஸில படிக்கிறதைப் பற்றியும் கேப்பினம். பருத்தித்துறையில இருந்தோ சாவகச்சேரியில இருந்தோ மினி பஸ்ஸில நிண்டுகொண்டு புத்தகம் பிடிக்கேலாது, போனில அன்கி எண்ட கேள்வி-பதில் காட் அப்பைப் போட்டு வைச்சால் பத்துப் பதினைஞ்சு காட் தட்டலாம், அண்ட்ரொயிட்டில காசில்லை.

சோதினைக் கிட்ட ரெண்டு விசயம். எங்கட பேரில தேப்பன்ர பேர் முன்னுக்கு முதலெழுத்தா நிக்கும், சோதினை அக்கவுண்டில ஒரு மாதிரி, பாஸ்போட்டில இன்னொரு மாதிரி இருந்தால் வாசலிலயே திருப்பி அனுப்பலாம், புக் பண்ணேக்கயே பாஸ்போட்டில உள்ளபடி போடுங்கோ. வீட்டில இருந்து ஒன்லைனில எழுதுறதெண்டால் அறைக்குள்ள ஒருத்தரும் வரக்கூடாது, அம்மா தேத்தண்ணியோட கதவைத் திறந்தாலே சோதினையை நிப்பாட்டலாம், ஆனபடியால் கதவில எழுதி ஒட்டுங்கோ. கொழும்புக்குப் போய் எழுதுறவை இரவு பஸ்ஸில போய் விடிய இறங்கி நேரா சென்ரருக்குப் போகாதேங்கோ, ஒரு நாள் முந்திப் போய்ப் படுங்கோ.

தவறினால் என்ன எண்ட பயமும் ஆக்களைத் துவங்க விடுகுதில்லை. நான் அந்த ஏடபிள்யூஎஸ் சோதினையில முதல்தரம் பெயில். 720 எடுத்தால் பாஸ், எனக்கு 694. ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்ல, கூட்டாளிக்கும் படம் அனுப்பேல்ல. மூண்டாம் நாள் அவன் தன்ர கொப்பிப் பக்கத்தை வழமை மாதிரி அனுப்பினான், கீழ ஒரு சொல்லும் எழுதேல்ல. அதுக்குப் பிறகுதான் ரிப்போட்டைத் திறந்தன். எந்தப் பகுதி காணாது எண்டு அதில பிரிச்சுக் காட்டியிருக்கும், எனக்கு ரெண்டு பகுதி. 14 நாள் கழிச்சுத் திரும்ப எழுதலாம், நான் அஞ்சு கிழமை எடுத்து அந்த ரெண்டு பகுதியை மட்டும் ஒவ்வொரு நாளும் விடியப்புறம் செய்தன், மற்றதுகளுக்கு ஞாயிறு மாதிரிப் பேப்பரோட சரி. திகதியை அண்டைக்கே போட்டு, அண்டிரவு ஒன்பதரைக்கு அவனுக்குப் படமும் அனுப்பினன்.