கல்லூரிப் பக்கம் குடும்ப வீடு: காட்பாடியில் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் வீடு தேடி வருபவரைப் புரோக்கர்கள் பெரும்பாலும் திருவலம் சாலைப் பக்கம்தான் முதலில் அழைத்துப் போவார்கள். "விஐடி பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கு, எப்ப வித்தாலும் போகும், மாடியைப் பசங்களுக்கு விட்டா தவணை தானா கட்டிடும்" என்பார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது வீட்டை வாடகைக்கு விடப்போகிறவரின் கணக்கு. பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தப்போகிற குடும்பம் இதே கணக்கை நம்பிப் பணம் போடுவதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான்.

விலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1984-ல் 180 மாணவர்களோடு தொடங்கிய விஐடி கல்லூரி இன்று பல்லாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகம். விடுதி வேண்டாம் என்று வெளியே தங்குபவர்களும் ஏராளம். எடுத்துக்காட்டுக்கு, இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு தளத்துக்கு ஒரு குடும்பம் 12,000 ரூபாய் வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தளத்தில் ஆறு மாணவர்கள் ஆளுக்கு 4,000 கொடுத்துத் தங்கினால் 24,000. விற்பவர் கேட்கும் விலை இந்த இரண்டாவது தொகையை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. நீங்கள் அங்கே குடியேறினால் அந்த 24,000 உங்களுக்கு வராது, ஆனால் அதற்கான விலையை மட்டும் கொடுத்திருப்பீர்கள். கல்லூரி வாசலருகே இருப்பதற்காக 15 லட்சம் கூடுதலாகக் கடன் வாங்கினால், எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதம் சுமார் 13,000 ரூபாய் அதற்கே போகும். பத்திரச் செலவும் கூடவே ஏறும். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 70 லட்சத்துக்கு 6,30,000 ரூபாய். காந்தி நகர், விருதம்பட்டு போன்ற பகுதிகளில் குடும்பங்கள் மட்டும் இருக்கிற தெருக்களின் விலையையும் விசாரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேரத்துக்கு உட்காருங்கள்.

சரி, மாடியை வாடகைக்கு விட்டே தவணையைக் கட்டிவிடலாம் என்பவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடியபோது இந்த வாடகை ஒரே மாதத்தில் நின்றுபோனதை மறக்கக்கூடாது. வாடகை வந்தால் நல்லது. அது வராத மாதத்திலும் சம்பளத்திலிருந்து தவணை கட்ட முடியுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, விடுமுறையில் வீடு பார்ப்பது. ஊரிலிருந்து வருபவர்களுக்குப் பிள்ளைகளின் மே மாத லீவில்தான் நேரம் கிடைக்கும். அப்போது இங்கே தெருவே அமைதியாக இருக்கும். பைக் இல்லை, மெஸ் வாசலில் கூட்டம் இல்லை. "நல்ல அமைதியான ஏரியா" என்று முன்பணம் கொடுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் பார்த்தால் அதே தெரு வேறு மாதிரி இருக்கும். கல்லூரி நடக்கும் மாதங்களில் ஒரு வேலைநாள் இரவு பத்தரை மணிக்கு மேல் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஒரு சனிக்கிழமை இரவும் பாருங்கள். பிப்ரவரியில் விஐடியின் ரிவியரா கலைவிழா நடக்கும் நாட்களில் பார்க்க வாய்த்தால் இன்னும் நல்லது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஆனால் மொட்டை மாடியில் நான்கு பேர் பேசிச் சிரிப்பதற்கு எந்தக் காவல் நிலையத்தில் போய் நிற்பது? அந்த வயதுக்கு அது இயல்பு. அதைத் தாங்க முடியுமா என்று வாங்கும் முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சொல்லப்போவதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். மாணவர்கள் தங்கியிருக்கும் வீட்டை வாங்கும்போது வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். வில்லங்கத்தில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். 11 மாத வாடகை ஒப்பந்தம் அதில் வராது. அதைவிட ஆபத்து, லீசு. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, போகும்போது அந்தத் தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது நம் பக்கத்தில் சகஜம். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், எங்கும் பதிவாகியிருக்காது. நீங்கள் கிரயம் முடித்துச் சாவியோடு போனால், மேல்தளத்தில் இருப்பவர் "என் எட்டு லட்சத்தைக் கொடுங்க, காலி பண்றேன்" என்பார். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-வது பிரிவுப்படி, குடியிருப்பவர் இருக்கும் சொத்தை வாங்குபவருக்கு உரிமையாளரின் உரிமைகளோடு பொறுப்புகளும் வந்து சேரக்கூடும். விற்றவர் அதற்குள் பணத்தோடு ஊரை விட்டே போயிருப்பார்.

அதனால் ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டிப் பேசுங்கள். யார் பெயரில் ஒப்பந்தம், அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது காலி செய்வார்கள் என்று கேட்டு, அவர்கள் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பல நேரம் ஒரு மாணவர் பெயரில் ஒப்பந்தம் இருக்கும், அவர் படிப்பு முடிந்து போயிருப்பார், இப்போது இருப்பது அவருடைய ஜூனியர்கள். அட்வான்ஸைக் கொடுத்தது யார், வாங்கிக்கொள்ள வேண்டியது யார் என்பதே குழப்பமாகிவிடும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தங்களை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வீட்டு அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால், வீட்டைக் காலி செய்து முழுச் சாவியும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் கிரயம் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். படிப்பு நடுவில் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தாமல், பருவம் முடியும் வரை தேதி கொடுப்பது இருவருக்கும் நல்லது.

அப்புறம், கட்டடம். குடும்பத்துக்காகக் கட்டிய வீட்டில் ஹாலைத் தடுத்து இரண்டு அறை, பால்கனியை மூடி ஓர் அறை, மேலே ஷீட் போட்டு இன்னொரு தளம் என்று சேர்த்திருப்பார்கள். அனுமதி வாங்கிய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இல்லாத தளத்தை வங்கியின் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும். அப்போது குறையும் கடன் தொகையைக் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். மின் இணைப்புகள் எத்தனை, எந்தக் கட்டண வகையில் இருக்கின்றன, பழைய பில்களில் யூனிட் எவ்வளவு என்று பார்த்தாலே உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். ஐந்து பேருக்குத் தோண்டிய செப்டிக் டேங்கை 15 பேர் பயன்படுத்தியிருந்தால், கடைசியாக எப்போது லாரி வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். பாலாற்றங்கரை ஊர் என்றாலும் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. தெருவில் நான்கு பிஜி (மாணவர்கள் பணம் கொடுத்துத் தங்கும் வீடு) இருந்தால் நான்கும் ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கும். கோடையில் உங்கள் மோட்டார் காற்று வாங்கும்.

எதிரே இருக்கும் காலி மனையைப் பார்த்து "காற்றோட்டமா இருக்கு" என்று மகிழ்வதும் ஒரு தவறு. கல்லூரிப் பக்கத்தில் காலி மனை காலியாகவே இருந்துவிடாது. 2019-ம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 18.30 மீட்டர் உயரம் வரை பல மாடிக் கட்டடம் என்ற கணக்கில் வராது. சாலை அகலம் போன்ற நிபந்தனைகள் ஒத்துவந்தால் தூண் தளத்துக்கு மேல் ஐந்து மாடி எழும்பிவிடும், அதுவும் பெரும்பாலும் மாணவர் அறைகளாக. மனை யாருடையது, என்ன திட்டம் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பக்கத்தில் பெண்கள் விடுதி இருந்தால், 2014-ம் ஆண்டு சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் வாங்கி நடக்கும் விடுதியில் காவலும் காப்பாளரும் இருப்பார்கள் என்பதால், குடும்பத்துக்கு அது பல வகையில் நல்ல அண்டை வீடு.

ஆந்திர எல்லைப்பக்கம் என்பதால் இங்கே மட்டும் வரும் சிக்கல்களும் உண்டு. இங்குள்ள அடுக்ககங்களில் சிலவற்றைச் சித்தூர், திருப்பதி, நெல்லூர்ப் பெற்றோர்கள் பிள்ளை படிக்கும் நான்கு வருடத்துக்காக வாங்கி, படிப்பு முடிந்ததும் விற்கிறார்கள். உரிமையாளர் வராமல், அவரிடம் பவர் (அவருக்குப் பதில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் வந்து கையெழுத்துப் போட்டால், பவர் பதிவானதா, ரத்தாகாமல் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்யுங்கள். அவர் இறந்திருந்தால் பவரும் அதோடு முடிந்தது. வீடியோ அழைப்பிலாவது உரிமையாளரிடம் நேராகப் பேசிவிடுங்கள். பவர் பத்திரத்தையே கிரயம்போல எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள். அதனால் சொத்துரிமை மாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விலை கட்டுப்படியாகாமல் சித்தூர் சாலையில் வடக்கே போகிறவர்கள், கிறிஸ்டியான்பேட்டையைத் தாண்டினால் ஆந்திராவின் குடிபாலா மண்டலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். "காட்பாடிக்குப் பக்கத்தில்" என்ற விளம்பரத்தை நம்பாமல் சர்வே எண் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அங்கே ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும், பதிவு அந்த ஊர் சார்பதிவாளரிடம், பட்டாவுக்குப் பதில் அடங்கல், 1பி என்ற நிலப் பதிவேடுகள். விற்கத் தடை செய்யப்பட்ட நிலங்களின் 22-ஏ பட்டியலையும் அவசியம் பார்க்க வேண்டும். ரேஷன் அட்டை, ஓட்டு, பிள்ளைகளின் அரசுப் பள்ளி எல்லாமே மாறும். இதெல்லாம் சம்மதம் என்றால் தயங்காமல் வாங்கலாம், ஆனால் ஆவணங்களைத் தெலுங்கு படிக்கத் தெரிந்த சித்தூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கல்லூரித் தெருதான் வேண்டும் என்பவர்கள், கீழே உரிமையாளர் குடியிருந்து மேலே மாணவர்கள் இருக்கும் வீடுகள் அதிகமுள்ள தெருவைத் தேர்ந்தெடுங்கள். உரிமையாளர் வெளியூரில் இருக்கும் வீட்டைவிட அங்கே சத்தமும் குப்பையும் குறைவு. குடிபோன வாரத்திலேயே பக்கத்து வீட்டு மாணவர்களிடம் அறிமுகம் செய்துகொண்டு, வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு, உடம்பு முடியாத பாட்டி உண்டு என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.