நீடித்த வளர்ச்சிக்கான தேசிய உத்தி: எழுதுவதும் நடைமுறைக்குக் கொண்டுவருவதும்

முதலில் முடிவு செய்ய வேண்டியது, உத்தி யார் பொறுப்பில் இருக்கும் என்பது. சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் மட்டும் ஒப்படைத்தால் மற்ற துறைகள் அதைத் தங்கள் வேலையாக நினைக்காது. கூட்டத்துக்குச் செயலர் வராமல் கீழ்நிலை அலுவலரை அனுப்புவார். ஜெர்மனி 2002-இல் தன் உத்தியை வெளியிட்டபோது பொறுப்பை அரசுத் தலைவரான சான்சலரின் அலுவலகத்திடமே வைத்தது. நிதி அமைச்சகமும் முதல் கூட்டத்திலிருந்தே இருக்க வேண்டும். வரைவு முடிந்த பிறகு கூப்பிட்டால் 'நிதி இருப்பைப் பொறுத்து' என்று ஒவ்வொரு பத்தியிலும் சேர்த்துவிடுவார்கள்.

அடுத்தது குறியீடுகள், அதாவது முன்னேற்றத்தை அளக்கும் அளவைகள். நீடித்த வளர்ச்சிக்கான ஐ.நா.வின் 17 குறிக்கோள்களையும் 169 இலக்குகளையும் அப்படியே எடுத்து எழுதும் ஆசை வரும். இந்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட பட்டியலில் 306 குறியீடுகள். கண்காணிக்க அது உதவும், எது முதலில் என்று சொல்லாது. ஜெர்மனி 21-இல் தொடங்கியது. முதல் பதிப்புக்கு 20 முதல் 40 போதும். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை ஆண்டின் அளவு, இலக்கு அளவு, இலக்கு ஆண்டு, பொறுப்பான துறை, தரவு எப்போதெல்லாம் வரும் என்ற ஐந்தையும் எழுதுங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மட்டும் நம்பிய குறியீடு, தவறு தெரிவதற்குள் இலக்கு ஆண்டையே தாண்டிவிடும்.

இனி, பெரும்பாலான உத்திகள் இடறும் இடம். 2000-ஐ ஒட்டி ஜெர்மனியில் குடியிருப்புக்கும் சாலைக்குமாக நாளொன்றுக்குச் சுமார் 130 ஹெக்டேர் நிலம் போய்க்கொண்டிருந்தது. 2020-க்குள் 30 ஆக்குவது இலக்கு. பாதிக்கு மேல் குறைந்தாலும் 2020-இல் 50-க்கு மேலேயே நின்றது. இலக்கு 2030-க்குத் தள்ளிப்போனது. இலக்கு வைத்தது கூட்டரசு, அதாவது அந்நாட்டின் மத்திய அரசு. நிலப் பயன்பாட்டை முடிவு செய்வதோ உள்ளாட்சி. புதுக் குடியிருப்பும் தொழிற்பேட்டையும் உள்ளாட்சிக்கு வருமானம். ஆகவே ஒவ்வோர் இலக்குக்கும் எதிரே இரண்டு கேள்விகள்: முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்? இன்றைய நிலையில் அவருக்கு எதில் ஆதாயம்? அதிகாரம் மாநிலத்திடமோ ஊராட்சியிடமோ இருந்தால் இலக்கை அவர்களோடு பேசிப் பங்கிட்டு, மானிய விதியையும் அதற்கேற்ப மாற்றுங்கள். சுற்றறிக்கையால் இது நடக்காது.

புதிய சட்ட வரைவுகளையும் உத்தியோடு இணைக்க ஒரு கொக்கி வேண்டும். ஜெர்மனியில் 2009 முதல் வரைவோடு நீடித்த வளர்ச்சி மீதான விளைவையும் எழுத வேண்டும். நாடாளுமன்றக் குழு அதைப் பார்க்கிறது. எந்தக் குறியீடு, எந்தத் திசையில், எவ்வளவு என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் 'பாதிப்பில்லை' என்ற வரியே ஒவ்வொரு கோப்பிலும் நகலெடுக்கப்படும்.

முன்னேற்றத்தை அளப்பவர் திட்டத்தை நடத்தும் துறையாக இருக்கக் கூடாது. தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போலாகும். ஜெர்மனியில் கூட்டரசுப் புள்ளியியல் அலுவலகம் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு குறியீடும் இலக்கை நோக்கி எப்படிப் போகிறது என்பதை வெயில் (நன்று) முதல் மேகம், இடிமழை (மோசம்) வரையிலான படங்களோடு காட்டும் அறிக்கை தருகிறது. அமைச்சருக்கு இடிமழைப் படம் பிடிக்காதுதான், ஆனால் செய்தித்தாளுக்குப் புரியும்.

அறிக்கை வெளிவரும் மாதமும் முக்கியம். துறைகள் அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையை எழுதத் தொடங்கும் முன் வர வேண்டும். பட்ஜெட்டுக்குப் பின் வந்தால் ஓராண்டு வீண்.