டின் இரிக்கு, பின்னைக் காணல்ல: ரிட்டன் போடப் போற ஆக்களுக்கு

நவம்பர் கடைசி வந்தா இலங்கையில எங்கட மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் ரெண்டு கதைதான், ஒண்டு மழை, மற்றது டெக்ஸ் ரிட்டன், அதான் வருமான வரிக் கணக்குக் குடுக்குறது. மார்ச் 31ஓட முடியுற வரி வருசத்துக்கு நவம்பர் 30க்குள்ள ரிட்டன் போடணும், காசு கட்ட வேண்டி இருந்தா அது செப்டெம்பர் 30க்கே முடிஞ்சிரணும். கடைசி நாள்ல கரண்டும் போகும் நெட்டும் போகும், அதால ரிட்டன் போடுற சைட்டுல இப்பவே லொகின் ஆக ஏலுதா எண்டு மட்டும் ஒருக்காப் பாத்து வைங்க, கணக்கு எழுதுறது எல்லாம் மறுகா.

உள்ள போக ரெண்டு நம்பர் வேணும். டின் எண்டா உங்கட வரி இலக்கம், பின் எண்டா அதுக்குத் திறப்பு. 2024ல 18 வயசு தாண்டின எல்லாரும் பதியணும் எண்டு சொன்ன நேரம் கனபேர் டின் எடுத்தாங்க, ஆனா பின் எண்டு ஒண்டு இரிக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. இன்லன்ட் ரெவனியூ, அதான் உள்நாட்டு இறைவரித் திணைக்களம், அதுட சைட்டுல ஈ சேர்விஸ் பக்கத்துக்குப் போய் பின்னுக்கு ரிக்குவெஸ்ட் குடுத்தா, டின் பதியக்குள்ள குடுத்த போனுக்கோ ஈமெயிலுக்கோதான் வரும். அந்தப் போன் யார்ட போன் எண்டுறதுலதான் விசயமே இரிக்கு.

எங்கட மாமாவுக்கு கடை வாடகை வருது. டவுன்ல ஒரு கொமியூனிகேசன் கடையில குடுத்துத்தான் டின் எடுத்தவர், அங்க நிண்ட பொடியன் மாமாக்கு ஈமெயில் இல்ல எண்டதும் தன்ட ஈமெயிலையும் தன்ட போன் நம்பரையும் போட்டு விட்டான், உதவி செய்யத்தான், கெட்ட எண்ணம் ஒண்டும் இல்ல. மறுகா அவன் கட்டாருக்குப் போயிட்டான். நாங்க கல்லடியில இருந்து ரிக்குவெஸ்ட் குடுக்கக் குடுக்க மெசேஜ் எங்கயோ போகுது, மாமா தன்ட நோக்கியாவக் கையில வச்சிட்டு "வரல்ல மனே, வரல்ல" எண்டுறார். கம்பியூட்டரைப் பொறுத்தமட்டுல மாமா எண்டுறது அந்தப் பொடியன்தான்.

அப்பிடி மாட்டினா திரும்பத் திரும்ப அமத்தி வேலையில்ல. 1944க்கு கோல் எடுங்க, அது திணைக்களத்துட நம்பர், போன் நம்பரையும் ஈமெயிலையும் மாத்த என்ன குடுக்கணும் எண்டு கேளுங்க. எடுக்கக்குள்ள டின், ஐடி (அடையாள அட்டை) ரெண்டையும் கையில வச்சிக்கங்க. ஈமெயில் இல்லாத ஆக்கள் ஒண்டை உங்கட பேர்லயே திறந்து பாஸ்வேர்டைக் கொப்பியில எழுதி வைங்க, மகள்ட ஈமெயில் கூட வேணாம், அவ கலியாணம் முடிச்சுப் போயிருவா.

ஐடி நம்பர்லயும் ஒரு சிக்கல் இரிக்கு. பழைய ஐடியில 9 இலக்கமும் கடைசியில வீ எழுத்தும், புதுசுல 12 இலக்கம். பழசால பதிஞ்சிட்டு இப்ப புதுசை அடிச்சா பொருந்தாமப் போகலாம், ஒண்டு சரிவராட்டி மற்றதைப் போட்டுப் பாருங்க. பழசைப் புதுசா மாத்துற வழி லேசு: முன்னுக்கு 19 போடுங்க, பழைய நம்பர்ட முதல் 5 இலக்கத்தை எழுதுங்க, ஒரு சைபர், மறுகா மிச்ச 4 இலக்கம், வீயை விட்டிருங்க. பேரையும் ஐடியில கிடக்குற இங்கிலீஸ் எழுத்துப்படியே அடிங்க, சிவலிங்கத்துக்கு ஒரு எச் கூடினாலும் அது வேற ஆள்தான்.

பின் கிடைச்சதும் அதை ஃபெமிலி வட்ஸ்அப் குரூப்புல போட்டுராதீங்க கா, நான் கண்ணால கண்டிருக்கன். ஆரும் கோல் எடுத்து பின் கேட்டாலும் குடுக்காதீங்க. லிங்க் வந்தா சைட்டுட பேர், அதான் முதல் ஒற்றைச் சரிவுக் கோட்டுக்கு (/) முன்னுக்குக் கிடக்குற துண்டு, டொட் ஐஆர்டி டொட் ஜிஓவி டொட் எல்கே (.ird.gov.lk) எண்டு முடியுதா எண்டு பாத்திட்டு அமத்துங்க.

சம்பளக்காரர் எண்டா வேலைத்தளத்துல டி 10 (T 10) சேர்ட்டிபிகேட்டை, அதான் சம்பளத்துல வெட்டின வரியைக் காட்டுற கடுதாசியை, முதலே கேட்டு எடுங்க, இல்லாட்டி லொகின் ஆன மறுகா அதைத் தேடி ஓட வேண்டி வரும். ரிட்டன் சப்மிட் ஆனதும் வாற ரசீதை டவுன்லோட் பண்ணி ஒரு பிரிண்டும் எடுங்க. மாமா தன்டதை லெமினேட் பண்ணி வச்சிருக்கார்.