குதிரையில மலை தாண்டப் போறீங்களா? பிளான் போடும்போதே நடக்குற தவறுகள்

குதிரையில பல நாள் மலைப்பயணம் போகணும்னு பிளான் போட்டு எடுத்துட்டு வந்து காட்டுறவங்க இப்ப ஜாஸ்தியாயிட்டாங்க. பார்க்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா முக்கால்வாசி பிளான்ல அதே ஓட்டைங்கதான், ஆரம்பத்துல நாங்கல்லாம் விட்ட அதே ஓட்டைங்க. ஹெல்மெட் போடுங்க, சவாரி பழகிட்டுப் போங்க, மழைக்கோட்டு எடுத்துக்கோங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்குள்ள நான் போகல.

மேப்புல கிலோமீட்டர வகுத்து டெண்ட் போடுற இடத்த முடிவு பண்றது

எனக்கு இன்னிக்கு வரைக்கும் எரிச்சல் வர்ற தவறு இதுதான், அதனால இதப் பத்தி நிறையவே சொல்லப்போறேன்.

எப்படி கணக்கு போடுறாங்கன்னா, மொத்தம் 150 கிலோமீட்டர், லீவு 5 நாள், வகுத்தா நாளைக்கு 30, குதிரை மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும், ஆக ஆறு மணி நேரம் சவாரி, பிளான் ரெடி. அந்த 30-வது கிலோமீட்டர்ல புல்லு இருக்கா, தண்ணி இருக்கா, வெறும் கல்லுதானான்னு யாரும் பார்க்குறதில்ல. அதவிட மோசம், வியூ நல்லா இருக்குன்னு கணவாய்க்கு நேர் கீழ, பாறையும் பனியும் மட்டும் இருக்குற உயரத்துல ஒரு ராத்திரிய வெச்சிடுறது. போட்டோ நல்லாத்தான் வரும், சரி, அன்னிக்கு குதிரை எதத் தின்னும்?

குதிரையோட இரைப்பை அதோட உடம்பு சைசுக்கு ரொம்பச் சின்னது, 8-லேர்ந்து 15 லிட்டர்தான் கொள்ளும். மாடு கடகடன்னு மேஞ்சுட்டு அப்புறமா படுத்து அசை போட்டுக்கும், குதிரைக்கு அந்த வசதி கிடையாது. அது தின்னாலும் தின்னாட்டியும் உள்ள அமிலம் சுரந்துகிட்டே இருக்கும். அதனாலதான் அத சும்மா விட்டா ஒரு நாள்ல பாதி நேரத்துக்கு மேல மேஞ்சுகிட்டே கிடக்கும். 400 கிலோ குதிரைக்கு காஞ்ச தீவனமா நாளைக்கு 8 கிலோ பக்கம் வேணும், பச்சைப் புல்லுல முக்கால்வாசிக்கு மேல தண்ணிங்கறதால அது 30, 40 கிலோ புல்லு ஆயிடும், அத வாயால கடிச்சுக் கடிச்சுத் தின்னு முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிங்க. நீங்க பகல் முழுக்க முதுகுல உக்காந்துட்டு, இருட்டுனப்புறம் போய்ச் சேர்ந்து, ராத்திரி மரத்துல கட்டிப் போட்டா அது எப்ப சாப்பிடும்?

உடனே ஒரு பதில் ரெடியா வரும், "அதான் தானியம் எடுத்துட்டுப் போறோமே". இங்கதான் வினையே. குதிரைக்கு நார்ச்சத்த செரிக்க வைக்கிறது பெருங்குடல்ல இருக்குற நுண்ணுயிருங்க. புதுத் தீனிக்கு அதுங்க பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். திடீர்னு தானியத்த அள்ளிப் போட்டா உள்ள புளிச்சு, வாயு கட்டி, குடல் வலி வந்துடும், சில குதிரைக்கு குளம்புக்குள்ள வீக்கம் வந்து நடக்கவே முடியாமப் போகும். குதிரையால வாந்தி எடுக்க முடியாது, உள்ள போனது போனதுதான்.

ஒரு குரூப்போட பிளான்ல ரெண்டு ராத்திரி தொடர்ந்து புல்லே இல்லாத இடம், நான் பார்த்துட்டு மாத்தச் சொன்னேன், மாத்தல, தானியம் இருக்குன்னுட்டாங்க. முதல் ராத்திரி குதிரைங்க பசியோட நின்னுச்சு, பாவமா இருக்கேன்னு ரெண்டாவது ராத்திரி ரெண்டு மடங்கு போட்டுருக்காங்க. விடியக்காலைல ஒரு குதிரை முன்காலால மண்ணப் பறிக்குது, திரும்பித் திரும்பி விலாவப் பார்க்குது, படுக்குது, எந்திரிக்குது, மறுபடி படுக்குது. சாணி போடல. கால்நடை டாக்டர்கிட்ட போகணும்னா ரெண்டு நாள் நடக்கணும். அந்தக் குதிரை பொழச்சுக்கிச்சு, ஆனா பயணம் அங்கயே முடிஞ்சுது, எல்லாரும் குதிரைய கையில பிடிச்சு நடந்தே இறங்குனாங்க. இவ்வளவும் மேப்புல ரெண்டு புள்ளிய நகர்த்தியிருந்தா நடந்தேயிருக்காது, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அதனால மேப்புல முதல்ல குறிக்க வேண்டியது புல்லும் தண்ணியும் சேர்ந்து இருக்குற இடங்கள. ஒரு குதிரை நாளைக்கு 25-லேர்ந்து 50 லிட்டர் வரைக்கும் குடிக்கும், பாட்டில்ல கொண்டு போற விஷயமில்ல. அந்த இடங்கள இணைச்சாதான் ரூட்டு, தூரம் அதுபாட்டுக்கு 15 வரும், 25 வரும், எவ்வளவு வருதோ அவ்வளவுதான் அன்னிக்கு. கணவாய் ஏறுறதுக்கு முந்தின ராத்திரி கடைசிப் புல்லு இருக்குற இடத்துல தங்குங்க, மறுநாள் விடிஞ்சதும் ஏறி, தாண்டி, அந்தப் பக்கம் முதல் புல்லு வர்ற வரைக்கும் அன்னிக்கே இறங்கிடுங்க. மத்த நாள்ல மூணு மணிக்குள்ள சேணத்தக் கழட்டிடணும், வெளிச்சம் இருக்கும்போதே நாலு மணி நேரமாவது மேயணும், மதியமும் கடிவாளத்த எடுத்துட்டு ஒரு மணி நேரம் விடணும். மூணு நாலு நாளைக்கு ஒரு நாள் முழு ஓய்வு. அங்கங்க புல்லு எப்ப முளைக்கும்னு கேட்டுட்டு மாசத்த முடிவு பண்ணுங்க, பனி உருகுனவுடனே போனா மேல வெறும் சேறுதான் இருக்கும்.

"மங்கோல் டெர்பில 1000 கிலோமீட்டர பத்து நாள்ல ஓட்டுறாங்களே"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். 2009-லேர்ந்து மங்கோலியாவுல நடக்குற குதிரை ரேஸ் அது, அங்க 40 கிலோமீட்டருக்குள்ள குதிரைய மாத்திடுறாங்க. முழு தூரமும் போறது மனுஷன் மட்டும்தான், ஒரே குதிரை இல்ல. உங்களுக்கு ஒரே குதிரைதான். ஷிஃபெலின்னு ஒருத்தர் 1925-ல மாஞ்சா, காட்டோன்னு ரெண்டு குதிரையோட அர்ஜென்டினாவுலேர்ந்து கிளம்பி, ஆண்டிஸ் மலை வழியா 1928-ல நியூயார்க் போய்ச் சேர்ந்தாரு. 16,000 கிலோமீட்டர், நின்ன நாளையும் சேர்த்து சராசரி போட்டா நாளைக்கு 13 கிலோமீட்டர் பக்கம்தான் வரும். பார்க்கணும்னா அந்தக் கணக்கப் பாருங்க.

உயரம்

நடந்து ஏறும்போது மூச்சு வாங்கி உடம்பே நிறுத்திடும், குதிரை மேல அந்த பிரேக் கிடையாது. உக்காந்தபடியே ஒரே நாள்ல 1200 மீட்டர் ஏறிட்டு ராத்திரி தலை வெடிக்குதும்பாங்க. 3000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்குற இடத்தோட உயரத்த ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்க. இங்கயும் புல்லு இருக்குற இடத்த வெச்சே படிப்படியா ஏத்தலாம்.

எடை

சவாரி பண்றவர், சேணம், பை எல்லாம் சேர்ந்து குதிரை எடைல அஞ்சுல ஒரு பங்கத் தாண்டக் கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. உங்க எடைய மட்டும் போட்டுட்டு சேணத்த மறந்துடாதீங்க, அதுவே 10, 15 கிலோ இருக்கும். ரெண்டு பக்கப் பையையும் தராசுல போட்டு சமமாக்குங்க, ஒரு பக்கம் ஒரு கிலோ கூட இருந்தாலும் சாயங்காலத்துக்குள்ள சேணம் சாஞ்சு தோளுக்கு மேல இருக்குற முதுகெலும்ப உரசிடும். முதுகுல புண்ணு வந்த குதிரை அந்தப் பயணத்துக்கு அவ்வளவுதான்.

லாடம்

முந்தின நாள் அடிக்காதீங்க. ஒரு வாரம் முன்னாடி.

இறக்கத்துலயும் உக்காந்தே வர்றது

இறங்கி நடங்க.

ராத்திரிக்கு பிளானே இல்லாம போறது

பயந்த குதிரை தெரிஞ்ச வழிலதான் ஓடும், அதாவது வந்த வழிலயே திரும்பி. அதனால டெண்ட்ட வந்த பாதைப் பக்கமா போடுங்க, ஓடுனா சத்தம் கேக்கும், மறிக்கலாம். எல்லாத்தையும் ஒண்ணா அவுத்து விடாதீங்க, மத்ததுங்க விட்டுப் போகாத குதிரை எதுன்னு ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும், அதக் கட்டிட்டு மத்ததுங்கள மேய விடலாம். முன்கால் தளை போடுறதா இருந்தா வீட்லயே பழக்கிட்டு வாங்க, மலைல முதல் தடவையா போட்டா மெரண்டு விழும்.

ஆறு தாண்டுற நேரம்

பனி உருகி வர்ற ஆறு விடியக்காலைல முழங்கால் அளவு இருக்கும், அதே இடம் சாயங்காலம் சேணத்தத் தொடும். தாண்ட வேண்டிய ஆறு வழில இருந்தா முந்தின ராத்திரி அதோட இந்தக் கரைல தங்குற மாதிரி வெச்சுக்கோங்க. தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி குதிரையோட தலைய ஏதாவது கயித்தால இழுத்துக் கட்டியிருந்தா அவுத்துடுங்க, நீந்த வேண்டி வந்தா அதுக்குத் தலைய ஆட்ட இடம் வேணும், உங்க காலும் அங்கவடில, அதான் சேணத்துல கால் வைக்குற வளையத்துல, நுனி மட்டும் இருக்கட்டும்.