பிடித்த ஒரு படத்திலிருந்து அதைப் படைத்தவரிடம் சென்று சேர்வது எப்படி?

சமகால ஓவியம், ஒளிப்படம், வரைகலை வடிவமைப்பு ஆகியவற்றில் ஆர்வம் கொண்டு தேடத் தொடங்குவோரில் பலர், பின்ட்ரெஸ்டைத் திறந்து மணிக்கணக்கில் படங்களைப் பார்த்துவிட்டு, ஒரு கலைஞரின் பெயரைக்கூட அறியாமல் எழுந்துவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகள் நானும் அப்படித்தான் சேமித்துவந்தேன். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் படைத்தவர் யாரென்றே தெரியவில்லை என்று கண்ட பிறகு, கீழே உள்ள முறைக்கு மாறினேன்.

முதலில், உண்மையிலேயே உங்களை நிறுத்திய ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் படங்களோடு தொடங்க வேண்டாம்.

இரண்டாவது படி, அதைப் படைத்தவரைக் கண்டுபிடிப்பது. நான் அதிகம் தடுமாறிய இடம் இதுதான். குடையோடு ஒரு பெண் படிக்கட்டில் இறங்கும் சித்திரம் ஒன்று என்னிடம் இருந்தது. எங்கே தேடினாலும் பெயரில்லாத பிரதிகளே கிடைத்தன. படத்தைக் கொண்டே தேடும் டின்ஐ தளத்தில் அதை ஏற்றி, முடிவுகளை அளவில் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தியபோதுதான், என்னிடம் இருந்தது அடிப்பகுதி வெட்டப்பட்ட பிரதி என்பது புரிந்தது. முழுப் படத்தில் கடைசிப் படியின் விளிம்பை ஒட்டி, நிழலின் நிறத்திலேயே, மிகச் சிறிய கையொப்பம் இருந்தது. ஆகவே பெரிய பிரதியை முதலில் தேடுங்கள். கிடைத்ததும் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். கூகுள் லென்ஸ் ஒத்த தோற்றமுள்ள வேறு படங்களையும் கலந்து காட்டுவதால், இந்த வேலைக்கு நான் அதை இரண்டாவதாகவே வைக்கிறேன்.

பெயர் கிடைத்ததும் கலைஞரின் சொந்தத் தளத்துக்கோ, கலைஞர்கள் தங்கள் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும், 2005-இல் தொடங்கி இப்போது அடோபி நிறுவனத்திடம் உள்ள பிஹான்ஸ் தளத்தில் அவருடைய பக்கத்துக்கோ செல்லுங்கள். அங்கே படத்தைவிட, அதன் கீழே உள்ள பெயர்களைக் கவனித்துப் படியுங்கள். கலை இயக்குநர், எழுத்துரு வடிவமைப்பாளர், ஒளிப்படக் கலைஞர் என்று குறிப்பிடப்பட்டுள்ள ஒவ்வொருவரும் அடுத்த தேடலுக்கான வாசல். எந்தத் தளத்தின் பரிந்துரையையும்விட இந்தப் பெயர்களைத்தான் நான் நம்புகிறேன், ஏனெனில் இவர்கள் ஒருவரையொருவர் வேலைக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள்.

ஒளிப்படங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் தொடராகப் பாருங்கள். 1955 முதல் நடந்துவரும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் இணையக் காப்பகத்திலும், 1947-இல் ஒளிப்படக் கலைஞர்களே கூடித் தொடங்கிய மேக்னம் நிறுவனத்தின் தளத்திலும் படக்குறிப்போடு தொடர்கள் கிடைக்கின்றன. சித்திரங்களுக்கு, இத்தாலியின் போலோனா சிறார் நூல் கண்காட்சி 1967 முதல் நடத்திவரும் ஓவியர் காட்சியில் இடம்பெற்றோரின் பட்டியலைத் தொடருங்கள். நடுவர்கள் தேர்ந்த பட்டியல் என்பதால், அங்கே ஒவ்வொரு பெயருக்கும் நேரம் செலவிடலாம். எழுத்துகளின் அழகில் நாட்டமுள்ளோருக்கு, எந்த வடிவமைப்பில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்று காட்டும் ஃபாண்ட்ஸ் இன் யூஸ் தளம் ஒன்றே போதும்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரில் கலைஞர், ஆண்டு, உங்களை ஈர்த்த காரணம் மூன்றையும் எழுதுங்கள். 'அழகு' என்று எழுதினால் பின்னர் பயன்படாது; 'நிழலுக்குக் கறுப்பு இல்லை, அடர்நீலம்' என்று எழுதினால் அடுத்த முறை தூரிகை எடுக்கும்போது கைகொடுக்கும். இணையத்திலேயே சேமிப்பதானால், படங்களைத் தொகுத்து வைக்க உதவும், விளம்பரமும் விருப்பக்குறிகளும் இல்லாத ஆர்.நா (Are.na) தளத்தை நான் பெரிதும் விரும்புகிறேன்.

பின்சேர்க்கை: டின்ஐயில் மிகப் பழையதாகக் காட்டப்படும் பிரதியே மூலம் என்று கொள்ளலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கொள்ள முடியாது. அங்கே காட்டப்படும் நாள், அந்தத் தளம் அப்படத்தை முதன்முதலில் கண்ட நாளே தவிர, படம் வெளியான நாள் அன்று. இன்னொரு வாசகருக்கு எந்த முடிவுமே வரவில்லை. அவரிடம் இருந்தது இடவலம் மாற்றப்பட்ட பிரதி. படத்தில் உள்ள எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தால், அதை முதலில் திருப்பிச் சேமித்துவிட்டுத் தேடுங்கள்.