ரிலே ஆஃப் ஆகும் நொடியில் ஆர்டுயினோவைக் காப்பாற்றுவது எப்படி?

மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டையும் ஒரு ரிலேயையும் (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்) வைத்து ஒரு சின்ன சர்க்யூட் செய்திருந்தேன். ரிலே ‘டிக்’கென்று ஆன் ஆகும், ஒரு வம்பும் இல்லை. ஆஃப் ஆகும்போதுதான் எல்சிடி திரையில் கண்ட கண்ட எழுத்தெல்லாம் வரும். சில நேரம் ஆர்டுயினோவே ரீசெட் ஆகிவிடும். இரண்டு நாள் புரோகிராமைக் குடைந்து பார்த்தேன். விஷயம் அங்கே இல்லை. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குக் குறுக்கே போட வேண்டிய ஒரு டையோடை (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) நான் போடவே இல்லை.

மோட்டார் ஓடும்போது வால்வைப் படக்கென்று மூடினால் பைப் ‘டம்’மென்று அதிருமே, அதே கதைதான். காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று நிற்காது. வழியை வெட்டினால் வோல்டேஜை ஏற்றிக்கொண்டு வேறு வழி தேடும். 5 வோல்ட் ரிலேதானே என்று நினைக்காதீர்கள்; அந்த ஒரு கணத்தில் 100 வோல்ட்டைத் தாண்டுவது சாதாரணம்.

வாங்க வேண்டியவை: 5 வோல்ட் ரிலே, 2என்2222 டிரான்சிஸ்டர், 1என்4007 டையோடு, 1 கிலோஓம், 10 கிலோஓம் ரெசிஸ்டர்கள், 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்.

படி 1: முதலில் காயிலை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். நீல நிற 5 வோல்ட் ரிலேக்களில் சுமார் 70 ஓம் காட்டும். 5-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 71 மில்லியாம்பியர். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ஒரு பின்னிலிருந்து (ஒயர் மாட்டும் முனை) 20 மில்லியாம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. 40 தான் உச்ச வரம்பு. ஆகவே ரிலேயை நேராகப் பின்னில் மாட்டவே கூடாது.

படி 2: டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், கலெக்டர், பேஸ் என்று மூன்று கால்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு (மைனஸ்). கலெக்டர் காயிலின் ஒரு முனைக்கு. காயிலின் மறுமுனை பிளஸ் 5 வோல்ட்டுக்கு. ஆர்டுயினோ பின்னிலிருந்து 1 கிலோஓம் வழியாக பேஸுக்கு. பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம். போர்டு பூட் ஆகும் நேரத்தில் ரிலே தானாக அடிக்காமல் இது பார்த்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டிக் உடல் கொண்ட 2222 வகைகளில் கால்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் சால்டர் செய்யாதீர்கள்.

படி 3: இப்போது டையோடு. வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம், மறுமுனை கலெக்டர் பக்கம். ரிலே ஆனில் இருக்கும்போது டையோடு சும்மா கிடக்கும். ஆஃப் ஆன உடனே காயிலின் கரண்ட் அதன் வழியாகச் சுற்றிச் சுற்றி அடங்கிவிடும். திருப்பிப் போட்டால் ஆன் செய்ததுமே டிரான்சிஸ்டர் போய்விடும். டையோடைச் சோதிப்பதென்றால் சால்டர் செய்வதற்கு முன்பே சோதியுங்கள். பிறகு மீட்டர் குறுக்கே இருக்கும் காயிலைத்தான் காட்டும். டையோடைக் காயிலை ஒட்டியே பொருத்துங்கள்.

டையோடு போட்டால் ரிலே விடுபடுவது சில மில்லிசெகண்ட் தாமதமாகும். தண்ணீர்த் தொட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

படி 4: ரிலேக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் பாதித் தொல்லை போகும். கிரவுண்டை மட்டும் ஓரிடத்தில் இணையுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ரிலேயின் பிளஸ், கிரவுண்டுக்கு நடுவே வையுங்கள்.

படி 5: இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று சின்ன ரிலேயில் மோட்டாரை நேராக மாட்டாதீர்கள்; ஸ்டார்ட் ஆகும்போது அது பல மடங்கு இழுக்கும், ரிலேக்குள் தொட்டு விலகும் கான்டாக்ட் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் போன்ற பெரிய சுமைக்கான பெரிய ரிலே) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். ஆனால் அந்தக் கான்டாக்டரிலும் ஒரு காயில் இருக்கிறது, அதுவும் 230 வோல்ட் ஏசியில். இங்கே டையோடு உதவாது, ஒரு பாதிச் சுழற்சியில் ஷார்ட் ஆகிவிடும். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டரும் (மெயின்ஸ் குறுக்கே போடுவதற்கென்றே செய்தது) தொடராக இணைத்து, காயிலின் குறுக்கே போடுங்கள். எக்ஸ்2 என்று அச்சிடாத கெபாசிட்டர் வேண்டவே வேண்டாம். மெயின்ஸ் வேலை பழக்கமில்லை என்றால் இந்தப் படியை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு செகண்ட் ஆன், ஒரு செகண்ட் ஆஃப் என்று ஐம்பது தடவை ஓடவிட்டு எல்சிடியையே பாருங்கள். முதலில் கான்டாக்டர் இல்லாமல், பிறகு மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு கான்டாக்டரோடு. இரண்டாவது சுற்றில் மட்டும் எழுத்து குழம்பினால் 5-ஆம் படிக்குத் திரும்புங்கள்.